கழற்றிப் பார்க்கலாம், மடக்கிப் பார்க்க முடியாது: பிளாஸ்டிக் கை மாதிரி பற்றி

நான் பிசியோதெரபிஸ்ட். வலி எந்தத் தசையில் என்று படத்தில் காட்டினால் வருபவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தசையைக் கையிலேயே கொடுத்தால்தான் கேள்வி கேட்பார்கள். அதற்காக வாங்கியது இந்த மாதிரி. தோளிலிருந்து விரல் நுனி வரை ஆள் கையின் அளவு. தசைகள் காந்தத்தில் ஒட்டி நிற்கும், தனித்தனியாகக் கழற்றலாம்.

மேல்கையின் முன்பக்கம் இருக்கும் பைசெப்ஸை எடுத்ததும் அடியில் பிரேக்கியாலிஸ் என்ற தசை தெரிகிறது. முழங்கையை மடக்குவதில் பெரும்பங்கு இதற்குத்தான். பெயர் என்னவோ மேலே இருப்பவருக்கு. தசைநாண்கள் எலும்பில் ஒட்டும் இடங்களைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். முன்கையின் இரண்டு எலும்புகளில், சுழலாத அல்னாவில் பிரேக்கியாலிஸ் ஒட்டுவதால் மடக்க மட்டும் செய்யும். பைசெப்ஸ் ஒட்டுவதோ சுழலக்கூடிய ஆர எலும்பில், அதனால் மடக்குவதோடு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் செய்யும். வலது கையால் ஸ்க்ரூ முடுக்கும்போது மேல்கை வலிக்கிறது என்பவருக்கு இதைக் காட்டினால் போதும்.

இன்னொன்றும் ஸ்கேல் வைத்தே காட்டுவேன். பைசெப்ஸ் ஒட்டும் இடம் மூட்டிலிருந்து 5 செ.மீ. அளவுதான், உள்ளங்கையோ சுமார் 35 செ.மீ. தள்ளி. ஆக, முழங்கையை மடக்கி 5 கிலோவைப் பிடித்திருக்க, தசைகள் அதைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு விசையில் இழுத்தாக வேண்டும். "கனமே இல்லையே டாக்டர், எப்படிப் பிடித்துக்கொண்டது?" என்பவர்கள் இதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

பெரிய குறை, முழங்கை அசையாது. லேசாக மடங்கியபடி அப்படியே வார்த்துவிட்டார்கள். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. பைசெப்ஸ் மடக்கிய கையை நீட்ட, பின்னாலிருந்து ட்ரைசெப்ஸ் இழுக்க வேண்டும். கை மாதிரி வாங்குவதே இதைக் காட்டத்தானே? ஒரு கீல் வைத்திருந்தால் முடிந்திருக்கும்.

கூடவே வரும் சார்கோமியர் பெட்டி மட்டும் அருமை. சார்கோமியர் என்பது தசை இழைக்குள் சுருங்கும் மிகச் சிறிய அலகு. நடுவில் தடித்த மயோசின் இழைகள், இரு பக்கமும் மெல்லிய ஆக்டின் இழைகள். ஓரங்களைத் தள்ளினால் இழைகள் ஒன்றன் இடையே ஒன்று நுழைகின்றன. எந்த இழையும் குட்டையாவதில்லை. 1954இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே சொன்ன சறுக்கு இழைக் கோட்பாடு இதுதான். நிஜ சார்கோமியர் 2 மைக்ரோமீட்டர் சொச்சம் என்பதையும் மூடியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

விளக்கப் புத்தகத்தை நம்ப வேண்டாம். நரம்பிலிருந்து கால்சியம் தசைக்குள் பாய்கிறதாம். நரம்பு முனை விடுவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். சுருக்கத்தைத் தொடங்கும் கால்சியம் தசை இழைக்குள்ளேயே இருக்கும் சேமிப்புப் பைகளிலிருந்து வருகிறது. தசைக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு பற்றியும் அரைகுறைதான்: ஆக்டினைப் பற்றிய மயோசின் தலை பிடியை விடவும் ஏடிபி வேண்டும், அதைப் புத்தகம் சொல்லவே இல்லை. இறந்தபின் உடல் விறைப்பது ஏடிபி தீர்ந்துபோவதால்தான்.

அப்புறம், ட்ரைசெப்ஸின் காந்தம் பலவீனம், தொட்டாலே விழுகிறது. அதை மட்டும் மாற்றித் தரக் கேட்டால் முழுக் கையையும் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். இப்போதைக்கு இருபக்க டேப்பில் நிற்கிறது. தசைகளின் இடம் படிக்கும் மாணவர்களுக்கு வாங்கலாம். அசைவைக் காட்ட வேண்டியவர்கள் கீல் வைத்த மாதிரியாகத் தேடுங்கள். 5க்கு 3.