ஆற்று வெள்ளம்: ஊரை எழுப்ப எது முதலில்? செல்பேசி, சைரன், வானொலி, கதவைத் தட்டும் ஆள்

ஆற்றங்கரை ஊரொன்று வெள்ளத்துக்கு முன்னேற்பாடு செய்ய உட்கார்ந்தால், பேச்சு உடனே படகு, கயிறு, மணல் மூட்டை என்று போய்விடுகிறது. அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் பல வெள்ளங்களில் யார் பிழைத்தார், யார் பிழைக்கவில்லை என்பது அதற்கு முன்பே, செய்தி வீட்டுக்குள் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் எச்சரிக்கை வழிகளை மட்டும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கையில் இருக்கும் பணத்துக்கும் ஆட்களுக்கும் எதை முதலில் செய்வது?

அதற்கு முன் ஒரு கணக்கு: உங்கள் ஆறு எவ்வளவு நேரம் தரும்? சமவெளியில் ஓடும் பெரிய ஆற்றில், மேல்பகுதியில் பெய்த மழை வெள்ளமாக இறங்கி வர ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். மலையடிவாரத்துச் சிற்றாறு அரை மணி நேரம்கூடத் தராமல் போகலாம். 24 கி.மீ. மேலே நீர்மட்டம் அளக்கும் இடம் இருந்து, வெள்ளம் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் வந்தால் ஊருக்குக் கிடைப்பது 3 மணி நேரம். பழைய வெள்ளங்களில் அங்கே எத்தனை மணிக்கு நீர் ஏறியது, இங்கே எத்தனை மணிக்கு வந்தது என்று பதிவுகளைத் தேடினால் இதைவிட நல்ல விடை கிடைக்கும். இந்த ஒரு எண் தெரியாமல் எந்த வழி சிறந்தது என்று வாதாடிப் பயனில்லை.

செல்பேசி எச்சரிக்கையை ஒரே வழி என்று நினைப்பதுதான் முதல் குழப்பம். அதில் மூன்று வகை இருக்கிறது. குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போகிறது. ஊரே ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் வரிசையில் மாட்டிக்கொள்ளும். செயலி என்றால் அதை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும், இணையமும் வேண்டும். மூன்றாவது செல் பிராட்காஸ்ட். செல்பேசிக் கோபுரம் ஒரே செய்தியை வானொலி போலப் பரப்ப, அந்த எல்லைக்குள் இருக்கும் கைபேசிகளெல்லாம் சேர்ந்து அலறும். எண் தேவையில்லை, நெரிசலும் பாதிக்காது. ஜெர்மனியில் 2021 ஜூலை வெள்ளத்தில் 180 பேருக்கு மேல் இறந்தபோது எச்சரிக்கைச் செயலிகள் இருந்தன, செல் பிராட்காஸ்ட் இல்லை. 2023 பிப்ரவரியில்தான் அதைக் கொண்டுவந்தார்கள்.

சரி, அது இருந்தால் போதுமா? ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் இருந்தது. 2024 அக்டோபர் 29 அன்று அந்த அலறல் கைபேசிகளுக்கு வந்தது இரவு 8 மணிக்குப் பிறகு. அதற்குள் பல தெருக்களில் வெள்ளம் புகுந்துவிட்டது. அந்தப் பேரிடரில் 220 பேருக்கு மேல் இறந்தார்கள். கருவி சரியாக வேலை செய்தது. பொத்தானை அழுத்தும் முடிவு தாமதமானது. செல் பிராட்காஸ்டின் பெரிய பலவீனம் இதுதான்: முடிவு ஊருக்கு வெளியே, வேறு யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. போதாததற்குக் கோபுரத்தின் மாற்று மின்கலம் பல இடங்களில் சில மணி நேரமே தாங்கும். மின்சாரம் போன புயல் இரவில், விடிவதற்குள் கைபேசி வெறும் விளக்காகிவிடலாம்.

சைரனின் நிலை நேர் எதிர். ஊரே வாங்கலாம், ஊரே ஒலிக்க விடலாம். ஆனால் அது திறந்தவெளியில் இருப்பவர்களுக்காக உருவான கருவி. சன்னலை அடைத்துக்கொண்டு தூங்குகிற வீட்டுக்குள், கூரைமேல் மழை கொட்டும்போது, எதிர்க்காற்றும் அடித்தால் கேட்காமலே போகும். கேட்டாலும் என்ன செய்யச் சொல்கிறது என்று தெரியாது. ஹவாயில் 2023 ஆகஸ்டில் லஹைனா நகரைக் காட்டுத்தீ எரித்தபோது சைரன்களை ஒலிக்கவே விடவில்லை. அங்கே சைரன் என்றால் ஆழிப்பேரலை, மேட்டுக்கு ஓடு என்றுதான் மக்கள் பழகியிருந்தார்கள். ஓடினால் தீயை நோக்கியே போயிருப்பார்கள் என்று அதிகாரி காரணம் சொன்னார். அந்த முடிவு சரியா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஒலிக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்பதை அது நன்றாகக் காட்டுகிறது. வெள்ளத்துக்கு என்று வைத்த சைரனைத் திருவிழாவுக்கும் தீ விபத்துக்கும் பயன்படுத்தும் ஊர், அதைத் தானே கெடுத்துக்கொள்கிறது.

சைரன் உதவிய ஊரும் உண்டு. டெக்சாஸில் குவாடலூப் ஆறு 2025 ஜூலை 4 அதிகாலையில் முக்கால் மணி நேரத்தில் 8 மீட்டரளவு ஏறியது. மேல்பகுதியான கெர் மாவட்டத்தில் அப்போது வெள்ள சைரன் இல்லை. தேசிய வானிலைத் துறையின் திடீர் வெள்ள எச்சரிக்கை நள்ளிரவு 1:14-க்கே வெளியாகியிருந்தும் அங்கே 100 பேருக்கு மேல் மாண்டார்கள். கீழே இருக்கும் கம்ஃபர்ட் என்ற சிற்றூரில் தன்னார்வத் தீயணைப்புக் குழு சைரனை அதற்குச் சில காலம் முன்புதான் புதுப்பித்திருந்தது. அதை ஒலித்தார்கள், தீயணைப்பு வீரர்கள் வீடு வீடாகவும் போனார்கள். அந்த ஊரில் ஒருவரும் இறக்கவில்லை. நியாயமாக ஒன்றைச் சேர்த்தாக வேண்டும்: கம்ஃபர்ட் கீழே இருப்பதால் அதற்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. சைரன் மட்டும் காப்பாற்றியது என்று சொன்னால் அது பாதிக் கதை.

வானொலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண வானொலி தூங்குபவரை எழுப்பாது. அபாய ஒலி வந்ததும் தானே விழித்துக்கொள்ளும் தனி வகைப் பெட்டிகள் சில நாடுகளில்தான் உண்டு. ஆனால் எழுந்த பிறகு, மின்சாரமும் கோபுரமும் போன பிறகு, மின்கலத்தில் ஓடும் வானொலிக்கு ஈடு கிடையாது. நிலையம் வெள்ளப் பகுதிக்கு வெளியே இருந்தால் சேதி வந்துகொண்டே இருக்கும். தெருவுக்கு இரண்டு வீட்டில் இருந்தால் போதும்.

இனி, கதவைத் தட்டுவது. இதைப் பழங்கால வழி என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. எச்சரிக்கை கேட்டதும் மனிதர்கள் உடனே கிளம்புவதில்லை. வெளியே எட்டிப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டைக் கேட்பார்கள், யாருக்காவது போன் போடுவார்கள். பேரிடர் ஆய்வாளர்கள் நாடு நாடாகக் கண்ட பழக்கம் இது. தெரிந்த முகம் ஒன்று வாசலில் நின்று "ஆறு ஏறுது, பாட்டியைத் தூக்குங்க, போகலாம்" என்று சொல்லும்போது அந்தத் தயக்கம் சட்டென்று குறைகிறது. காது கேளாதவர், நடக்க முடியாதவர், கைபேசியே இல்லாதவர் எல்லாருக்கும் செய்தி சேரும் வழியும் இது ஒன்றுதான்.

வங்கதேசத்தில் 1970 புயல் குறைந்தது 3 லட்சம் பேரைக் கொன்றது. அதன்பின் 1972-ல் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டம் ஊர்த் தன்னார்வலர்களை நம்பிக் கட்டப்பட்டது. கையில் மெகாபோன், கையால் சுற்றும் சைரன், கொடி. இன்று 76,000 பேருக்கு மேல், சரிபாதி பெண்கள். 2007-ல் சித்ர் புயல் கொன்றது சுமார் 3,400 பேரை. சாவு இப்படிக் குறைந்ததில் புயல் தங்குமிடங்களும் நல்ல முன்னறிவிப்பும் பெரும்பங்கு வகித்தன என்றாலும், அந்த முன்னறிவிப்பைக் குடிசை வாசல்வரை கொண்டுபோனவர்கள் இவர்கள்.

இதன் குறையும் சிறியதல்ல. 300 வீடுகள், இருவர் இருவராக 15 குழுக்கள் என்றால் குழுவுக்கு 20 வீடு. ஒரு வீட்டுக்கு 2 நிமிடம் என்றாலே 40 நிமிடம் போய்விடும். ஆறு அரை மணி நேரம்தான் தரும் என்றால் கடைசி வீடுகளுக்குச் செய்தியும் வராது, போனவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

ஆக, என் தீர்ப்பு இது. இரண்டு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ கிடைக்கும் ஊர், பணம் செலவழிக்கும் முன் கதவு தட்டும் குழுவை அமைக்கட்டும். சைரன் பிறகு வரட்டும். ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்றால், மேலே உள்ள நீர்மட்ட அளவியோடு இணைந்து தானாகவே ஒலிக்கும் சைரன்தான் முதலில். அதோடு, எந்தப் பாதையில் மேட்டுக்கு ஏறுவது என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் 1976-ல் வந்த திடீர் வெள்ளத்தில் 144 பேர் இறந்தார்கள். காரில் ஏறிப் பள்ளத்தாக்குச் சாலையிலேயே தப்பப் பார்த்தவர்கள் பலர் அதில் அடக்கம். இன்று அந்த மாநிலத்தின் பள்ளத்தாக்குச் சாலைகளில், வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள் என்று பலகை நிற்கிறது. செல்பேசி எச்சரிக்கையைப் பெரும்பாலும் அரசே தருவதால் ஊருக்கு அதில் செலவு இல்லை. கனமழை இரவுகளில் கைபேசியை அணைக்காமல், ஃபிளைட் மோடில் போடாமல், முழு சார்ஜோடு வைக்கச் சொன்னால் போதும்.

கதவு தட்டும் குழு அமைப்பவர்களுக்கு மூன்று விஷயம். யார் வீட்டில் தூக்கிப் போக வேண்டியவர் இருக்கிறார் என்ற பட்டியல் காகிதத்தில் இருக்கட்டும், அந்த வீடுகளை முதலில் தட்டுங்கள். நீர்மட்டம் எந்தக் கோட்டைத் தொட்டால் கிளம்புவது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே முடிவு செய்து, பாலத் தூணில் வர்ணம் அடித்து வையுங்கள். நடு இரவில் யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கும் நிலை வரக் கூடாது. அப்புறம், தன்னார்வலர் திரும்பும் எல்லையையும் குறித்து வையுங்கள். வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. இருந்தாலே பெரியவர் ஒருவரைக் கீழே தள்ளிவிடும். தெருவில் ஓட்டம் தொடங்கியதும், பாக்கி எத்தனை வீடு இருந்தாலும், குழு மேட்டுக்குப் போய் மீட்புப் படையிடம் அந்த வீடுகளின் பட்டியலைக் கொடுக்க வேண்டும்.