கின்னஸ் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்: கறியில்லாத ஐரிஷ் ஸ்ட்யூவுக்கு எவ்வளவு ஊற்றலாம்?

பழைய முறை ஐரிஷ் ஸ்ட்யூவில் ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர் அவ்வளவுதான். கின்னஸ் போன்ற ஸ்டவுட், அதாவது கருப்பு பீர், மாட்டுக்கறி ஸ்ட்யூவில் போவது. ஆனால் கறியை எடுத்துவிட்டால் குழம்பு வெறும் காய்கறித் தண்ணீராக நின்றுவிடும். அங்கேதான் கின்னஸ் கைகொடுக்கிறது. வறுத்த பார்லியின் கருகல் மணமும் நிறமும் அதில் தயாராக இருக்கின்றன.

சைவர்கள் முதலில் கேட்பது மீன் சமாசாரம். பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்லாஸை முன்பு பயன்படுத்தினார்கள். அதை விடப்போவதாக நிறுவனம் 2015இல் அறிவித்தது. டப்ளினில் காய்ச்சும் கின்னஸில் இப்போது அது சேர்வதில்லை.

எந்த வகை வாங்குவது? டிராஃப்ட் டப்பாவின் சிறப்பே நைட்ரஜன் தரும் வெண்ணெய் போன்ற நுரை. பானையில் ஊற்றியதும் அது போய்விடும், மிஞ்சும் சுவையும் மென்மையானது, ஒரு மணி நேரக் கொதியில் காணாமல் போகும். எக்ஸ்ட்ரா ஸ்டவுட் பாட்டிலே சரி. மலேசியாவில் எளிதாகக் கிடைக்கும் ஃபாரின் எக்ஸ்ட்ரா இன்னும் வீரியமானது. கீழே சொல்லும் அளவில் பாதி போதும்.

நான்கு பேருக்கு 1 லிட்டர் காய்கறி ஸ்டாக் (காய்கறி வேகவைத்த சாறு), 220 மி.லி. ஸ்டவுட். இதைத் தாண்டாதீர்கள். மாட்டுக்கறி ஸ்ட்யூவில் முழு பாட்டிலை ஊற்றினாலும் தாங்கும், கொழுப்பும் ஜெலட்டினும் கசப்பை மூடிவிடும். இங்கே மூட எதுவும் இல்லை. பீரில் சேரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு ஆவியாகாது. தண்ணீர் வற்ற வற்ற ஏறிக்கொண்டே போகும்.

400 கிராம் காளானை நான்காக வெட்டி, அகலமான பாத்திரத்தில் 2 மேசைக்கரண்டி எண்ணெயில் இரண்டு தடவையாக வதக்குங்கள். உப்பு போடவே கூடாது. போட்டால் தண்ணீர் விட்டு வேகுமே தவிர சிவக்காது. விளிம்பு பழுப்பாகி அடியில் ஒட்டத் தொடங்கும்போது எடுத்து வைத்துவிட்டு, 2 பெரிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, 1 மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட், அதே அளவு மைதா சேர்த்து ஒரு நிமிடம் கிளறுங்கள். இப்போது ஸ்டவுட். அடியில் பிடித்ததைச் சுரண்டிக்கொண்டே அது பாதியாக வற்றும்வரை விடுங்கள். பிறகு ஸ்டாக், கழுவிய பார்லி 75 கிராம், மார்மைட் (உப்பான ஈஸ்ட் பேஸ்ட்) 1 தேக்கரண்டி, தைம் தழை, பே லீஃப்.

உருளைக்கிழங்கை இந்தக் கட்டத்தில் போட வேண்டாம். ஸ்டவுட்டில் புளிப்பு உண்டு. புளிப்பில் கிழங்கு சீக்கிரம் வேகாது, நடுவில் கட்டியாகவே நிற்கும். ஸ்டாக்கில் கலந்து புளிப்பு தணிந்து, பார்லி 25 நிமிடம் வெந்தபின் 600 கிராம் கிழங்கு, 300 கிராம் கேரட், ஒரு பார்ஸ்னிப் (கேரட் போன்ற வெளிர்நிறக் கிழங்கு) போடுங்கள். அயர்லாந்தில் ரூஸ்டர் கிழங்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். ஓரம் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும், துண்டும் உடையாது. கெர்ஸ் பிங்க் இன்னும் மாவாக உதிரும், அதைப் பெரிய துண்டாக வெட்ட வேண்டும். மூடி சற்றே திறந்த நிலையில் சிறு தீயில் 30 நிமிடம், கடைசி ஐந்து நிமிடத்தில் காளான்.

உப்பு கடைசியில்தான், மார்மைட்டிலும் ஸ்டாக்கிலும் ஏற்கெனவே இருக்கிறது. கசந்தால் முதலில் அரைச் சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள், கசப்பை அது நன்றாக அடக்கும். போதாவிட்டால் 1 தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை. மேலும் தண்ணீர் ஊற்றினால் கசப்போடு ருசியும் போய்விடும்.

மது கூடாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஒரு மணி நேரம் கொதித்தாலும் ஆல்கஹால் முழுதாகப் போகாது, ஏறக்குறைய கால் பங்கு தங்கும். ஆல்கஹால் நீக்கிய கின்னஸ் 0.0 டப்பா நல்ல மாற்று. கருகல் மணம் அப்படியே கிடைக்கிறது, சர்க்கரையை மட்டும் குறையுங்கள். குளூட்டன் ஆகாதவர்களுக்கு இந்த இரண்டு கின்னஸுமே வேண்டாம், பார்லி, மைதா, மார்மைட்டும் வேண்டாம்.

மறுநாள் பார்லி குழம்பையெல்லாம் குடித்துப் பொங்கல் பதத்தில் இருக்கும். சூடாக்கும்போது 150 மி.லி. ஸ்டாக் ஊற்றுங்கள், ஸ்டவுட்டை அல்ல: வேகாத ஸ்டவுட் தனியாகக் கசக்கும்.