மூக்கன்களைப் பிரித்தறிய மெர்லின் செயலி: ஒரு மதிப்பீடு

குளிர்காலத்தில் வலசை வந்திருக்கும் கருவால் மூக்கனையும் பட்டைவால் மூக்கனையும் பிரித்தறிவது, கரைப்பறவைகளைப் பார்க்கத் தொடங்குவோருக்குக் கடினமான வேலை. கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் கட்டணமின்றி வழங்கும் மெர்லின் செயலி அதற்கு எவ்வளவு உதவும் என்பதையே இங்கு மதிப்பிடுகிறேன்.

இடம், நாள், உருவளவு, நிறம், நடத்தை ஆகிய ஐந்தைக் கேட்டறிந்து, அதே ஆய்வகத்தின் இ-பேர்டு தளத்தில் பறவை நோக்கர்கள் இட்ட பதிவுகளின் துணையுடன், அவ்விடத்தில் அப்பருவத்தில் காணக்கூடிய பறவைகளைச் செயலி வரிசைப்படுத்துகிறது. பள்ளிக்கரணை போன்ற சதுப்புகளிலும் உள்நாட்டு ஏரிகளிலும் மேய்வது பெரும்பாலும் கருவால் மூக்கனே என்பதால், அங்கு இம்முறை நன்கு பொருந்துகிறது. பட்டைவால் மூக்கனுக்கும் வாய்ப்புள்ள கோடியக்கரை, தனுஷ்கோடி போன்ற கடலோரங்களில்தான் இதன் போதாமை தெரிகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. இரண்டும் அப்பருவத்தில் சாம்பல் கலந்த பழுப்பு. இரண்டும் ஆழமற்ற நீரில் நடந்து, நீண்ட அலகைச் சேற்றில் செருகி இரை தேடுபவை. அலகு நேரானதா, நுனி சற்றே மேல்நோக்கியதா, முதுகில் கீற்றுகள் உண்டா என்பவற்றை இக்கேள்விகள் தொடுவதே இல்லை. இது பெரிய குறை.

ஒளிப்படத்தைக் கொண்டு அடையாளம் காணும் வசதி இதைவிட மேலானது; ஆனால் கால்கள் நீரில் மூழ்க, அலகை இறகுக்குள் செருகி உறங்கும் பறவையின் படத்தில் எவருக்கும் தடயம் கிட்டாது. பறக்கும்போது எடுத்த படமே வேண்டும். கருவால் மூக்கனின் சிறகில் அகன்ற வெண்பட்டையும், வெண்ணிறப் பிட்டத்தை அடுத்துக் கருமையான வாலும் தெரியும். கால்கள் வாலைத் தாண்டி நன்கு நீண்டிருக்கும். பட்டைவால் மூக்கனுக்குச் சிறகில் வெண்பட்டை இல்லை. வாலில் மெல்லிய குறுக்குப் பட்டைகள் உண்டு. வாலுக்கு வெளியே தெரிவது பெரும்பாலும் கால்விரல்கள் மட்டுமே. 2022 இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாட்களில் 13,560 கி.மீ. இடைவிடாது பறந்த இளம்பறவை இந்த இனத்தைச் சேர்ந்தது.

அந்தப் பகுதிப் பறவைகளின் தகவல்கள் அடங்கிய வட்டாரத் தொகுப்பை முன்னரே பதிவிறக்கிவிட்டால், இணைய இணைப்பில்லாத கடற்கரையிலும் செயலி இயங்குவது பெரும் வசதி.

உள்நாட்டு நீர்நிலைகளுக்கு மெர்லினைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். இரண்டு மூக்கன்களுமே அழிவு அச்சுறுத்தலை நெருங்கும் நிலையில் வகைப்படுத்தப்பட்டுள்ளதால், கடலோரத்தில் கேள்வி-பதில் முடிவை மட்டும் நம்பி இனத்தைப் பதிவு செய்யக் கூடாது. பறக்கும் படம் கிடைக்காதபோது, இனம் குறிக்காமல் மூக்கன் என்று மட்டும் பதிய இ-பேர்டில் இடமிருக்கிறது, அதுவே முறையானது.