டோவோ சவரக்கத்தி: கத்தியைவிட தோல்வாரோடுதான் பாடு அதிகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காசு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு மடக்குச் சவரக்கத்தி வாங்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒரு கத்தி வாங்கினால் ஆயுசுக்கும் வரும் என்பது உண்மைதான், ஆனால் அதன் பின்னாலேயே கத்தியை இழுத்துப் பதமாக்கும் தோல்வார், பிரஷ், படிகாரம், கொஞ்ச நாள் கழித்து தீட்டுக்கல் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். எல்லாம் சேர்த்து ஆகும் செலவுக்குச் சாதாரண பிளேடு பல வருஷத்துக்கு வாங்கி அடுக்கிவிடலாம். ஆசை இருந்தால் மட்டும் வாருங்கள்.

என்னிடம் இருப்பது டோவோ. 5/8 அளவு, கார்பன் ஸ்டீல், கறுப்புக் கைப்பிடி, அலங்காரம் எதுவும் கிடையாது. ஜெர்மனியில் ஸோலிங்கன் என்ற ஊரில் 1906-இல் தொடங்கிய கம்பெனி. கத்தி, கத்தரிக்கோலுக்கே பேர்போன ஊர் அது. கண்ட ஆட்களும் ஊர்ப் பெயரைக் கத்தியில் பொறித்துவிடக் கூடாது என்று 1938-இல் சட்டமே போட்டார்கள், இன்றும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. ஆகவே ஐநூறு ரூபாய்க்கு ஸோலிங்கன் கத்தி என்று யாராவது நீட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். அசலுக்கு இறக்குமதிச் செலவெல்லாம் சேர்த்தால் விலை ஐந்து இலக்கம் ஆகிவிடும், அது வலிக்கத்தான் செய்யும்.

5/8 என்பது முதுகிலிருந்து வாய் (வெட்டும் விளிம்பு) வரை உள்ள அகலம், அங்குலத்தை எட்டாகப் பிரித்துச் சொல்வார்கள். புதிதாகப் பழகுபவருக்கு 5/8 அல்லது 6/8 போதும். அதைவிட முக்கியம் முனை: வட்டமாக மழுங்கிய முனையா என்று பார்த்து வாங்குங்கள், சதுர முனை பார்க்க அழகாக இருக்கும், காதோரத்தில் வேலையைக் காட்டிவிடும். என் கத்தி இரண்டு பக்கமும் நன்றாகக் குடைந்து எடுத்த ரகம், வாய்ப் பக்கம் தகடு அவ்வளவு மெல்லிசு. இரண்டு நாள் தாடியில் இறங்கும்போது சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும், உள்ளே குழிவாக இருப்பதால் அந்தச் சத்தம் பெரிதாகவே கேட்கும். எனக்கு அதற்காகவே காசு தகும். கோணம் தப்பினால் சத்தமும் மாறிவிடும், அதனால் பழகுபவருக்குக் காதும் ஒரு வாத்தியார்.

இதற்கு முன்னால் ஆன்லைனில் ஒரு மலிவுக் கத்தி வாங்கினேன், யாரிடம் என்பது வேண்டாம். 'தீட்டி, ஷேவிங்குக்குத் தயார்' என்று பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வந்த கத்தி கை முடியைக்கூட எடுக்கவில்லை. கேட்டால் 'பழகப் பழகச் சரியாகிவிடும் சார்' என்று பதில். கத்தி பழகாது, பதம் இல்லாத கத்தி பதம் இல்லாததுதான், அதை அழுத்தி இழுத்துத்தான் பாதிப் பேர் கன்னத்தைப் புண்ணாக்கிக்கொண்டு இது நமக்கு ஒத்துவராது என்று மூட்டை கட்டுகிறார்கள். விற்பவரிடம் கல்லில் கையால் தீட்டி அனுப்புவீர்களா, கடைசியாக எந்தக் கல் போட்டீர்கள் என்று கேளுங்கள். 8000, 12000 என்று கல்லின் நம்பரைச் (நம்பர் கூடக் கூடக் கல் நைசு) சொல்பவர் பரவாயில்லை. முழிப்பவரிடம் வாங்காதீர்கள்.

பிளேடை மாற்றிப் போடும் கத்தியில் பழகிவிட்டு அப்புறம் அசலுக்கு வரலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சலூனில் பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகுவார்களே, அதுதான். 1986-இல் சென்னையில் நாட்டின் முதல் ஹெச்ஐவி தொற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு சலூன் கத்தியைப் பற்றிய பயமும் விழிப்புணர்வும் பரவி, ஆளுக்கொரு புது பிளேடு என்பது வழக்கமாகிவிட்டது. சலூனுக்கு அதுதான் சரி, அதில் பேச்சே இல்லை. ஆனால் சொந்த முகத்தில் பழக அது சுலபம் என்று நினைப்பது தப்புக் கணக்கு. எடை இல்லாததால் கை தன்னையறியாமல் அழுத்தும், புது பிளேடின் இரண்டு மூலையும் ஊசி மாதிரி நிற்கும், கோணம் சற்று விலகினால் உடனே ரத்தம். நன்றாகத் தீட்டிய அசல் கத்தி இதைவிடச் சாது. பிளேடு செருகும் கத்தி நூறு, இருநூறுக்குக் கிடைக்கிறது, பராமரிப்பும் கிடையாது என்பது மட்டும்தான் அதன் பக்கம் இருக்கும் நியாயம்.

சரி, தோல்வார். தலைப்பில் சொன்ன பாடு இங்கேதான். ஒவ்வொரு சவரத்துக்கு முன்னாலும் கத்தியை வாரில் தீட்டியாக வேண்டும், முதலில் கித்தான் பக்கம், பிறகு தோல் பக்கம், தோலில் ஓர் ஐம்பது அறுபது இழுப்பு. முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னாலே வர வேண்டும். கடைசியில் திருப்பும்போது முதுகு தோலைவிட்டு எழவே கூடாது, முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். வாய்ப் பக்கமாகப் புரட்டினால் வார் கீறும், பதமும் போகும், ஒரே நொடியில் இரண்டு நஷ்டம். வாரைத் தொய்வாகப் பிடித்தால் வாய் உருண்டு மழுங்கும். அதனால் முதல் வார் மலிவாகவே வாங்குங்கள், எப்படியும் கீறத்தான் போகிறது. வேகம் வேண்டவே வேண்டாம், அந்தப் பட் பட் சத்தமெல்லாம் கை பழகிய பிறகு தானாக வரும்.

சவரத்தைப் பொறுத்தவரை முகத்தை வெந்நீரில் நனைத்து, பிரஷ்ஷால் நுரையை நன்றாக ஏற்றிய பிறகுதான் கத்தியைத் திறக்க வேண்டும். டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, க்ரீமோ சோப்போ போதும். மூன்று விரல் கழுத்துத் தண்டின் (தகட்டுக்கும் கைப்பிடி மாட்டும் ஆணிக்கும் நடுவில் உள்ள பகுதி) மேலே, கட்டைவிரல் கீழே, ஆணிக்குப் பின்னால் நீளும் வால் சுண்டுவிரலடியில். கன்னத்துக்கும் கத்திக்கும் நடுவே சுமார் 30 டிகிரி. இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடிப்பதில்தான் பாதி வித்தை இருக்கிறது, தொளதொளவென்ற தோலில் எந்தக் கத்தியும் தடுக்கும். முடி வளரும் போக்கில் குட்டிக் குட்டியாக இறக்க வேண்டும். கத்தியைப் பக்கவாட்டில் மட்டும் நகர்த்திவிடாதீர்கள், அறுபடுவது அப்படித்தான். ஆரம்பத்தில் இரண்டு கன்னம் மட்டும் கத்தியால், மிச்சத்தைப் பழைய ரேஸரால் முடியுங்கள். மோவாயும் குரல்வளை மேடும் கடைசிப் பாடம். சலூன்காரர் கேட்கிற 'ரிவர்ஸ் போடவா' சமாச்சாரத்தை, அதாவது முடிக்கு எதிர்ப்போக்கில் இழுப்பதை, ரொம்ப நாளைக்கு மறந்துவிடுங்கள். இடது கன்னத்துக்கு இடது கையாம், எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள், எனக்கு இன்னும் மனசு வரவில்லை, வலது கையையே முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய்ச் சமாளிக்கிறேன்.

சில மாதத்தில் வார் மட்டும் போதாது, கத்தி முடியை வெட்டாமல் இழுக்க ஆரம்பிக்கும். அப்போது தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். அவர் அரிவாள்மனைக்கு ராஜா, ஆனால் சக்கரத்தின் சூட்டில் இவ்வளவு மெல்லிய வாயின் உறுதி இளகிவிடும், தகடும் தேய்ந்து போகும். கல்லில் தீட்டுவது பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை: முதுகையும் வாயையும் ஒருசேரக் கல்லில் படுக்கவைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும், முதுகின் கனத்தை அதற்கென்றே அளந்து வைத்திருக்கிறார்கள். கத்தி அடி வாங்கியிருந்தால்தான் 1000 நம்பர் கல், மற்றபடி 8000, 12000 போதும். பச்சை நிற குரோமியம் ஆக்ஸைடு பேஸ்ட் தடவிய தனி வார் ஒன்று இருந்தால் கல்லைத் தேடும் நாள் இன்னும் தள்ளிப்போகும்.

கார்பன் ஸ்டீல் என்பதால் துருதான் நிரந்தர எதிரி. சென்னை மாதிரி ஊரில் பாத்ரூமில் வைக்கவே கூடாது. துடைத்து, கைப்பிடிக்குள் ஈரம் இல்லாமல் டிஷ்யூவை விட்டு இழுத்து, நாலைந்து நாள் தொடப்போவதில்லை என்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி அலமாரியில் வைக்கிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுக்கும். இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் ஸ்டெயின்லெஸ் கத்தி பார்க்கலாம், தீட்ட மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

சவரம் எப்படி என்றால், என் கன்னத்துக்கு எரிச்சல் வெகுவாகக் குறைந்திருக்கிறது, கழுத்தில் முடி உள்ளே சுருண்டு வரும் கொப்புளமும் குறைவு. வழுவழுப்பில் சேஃப்டி ரேஸரைவிடப் பெரிதாக முன்னே நிற்கிறது என்று சொல்ல மாட்டேன். நேரம் இரண்டு மடங்கு பிடிக்கும், ஆபீஸ் நாளில் நான் தொடுவதே இல்லை. ஊருக்குப் போனாலும் எடுத்துப் போவதில்லை, விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், செக்-இன் பையில் போட்டுக் கொண்டுபோனாலும் லாட்ஜ் ரூமில் தோல்வார் மாட்டக் கொக்கிக்கு எங்கே போவது, பக்கத்திலிருக்கும் சலூனில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.