மேலூர் ரோட்டு டீக்கடை: எல்லோருக்கும் ஒரே கிளாஸ்

இஞ்சி தட்டிப் போட்ட டீயும் பருப்பு வடையும் அருமை, ஆனால் நான் 5 ஸ்டார் தருவது அந்த பெஞ்சுக்காகத்தான். யார் வந்தாலும் தயங்காமல் உட்காருகிறார்கள், எல்லோருக்கும் ஒரே கண்ணாடி கிளாஸ், கழுவுவதும் கடைக்காரரே. இதே பக்கம் வேறொரு கடையில் என் நண்பனுக்கு மட்டும் பேப்பர் கப் நீட்டினார்கள், வயிறு எரிந்தது. தீண்டாமை பார்த்து கிளாஸை மறுத்தால் 1955-ஆம் வருஷத்து குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படியே 1 முதல் 6 மாதம் வரை சிறை உண்டு. இதே சாதி வெறியால் நடக்கும் ஆணவக் கொலைக்கு எதிரான தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை தர, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. அந்தச் சட்டம் சீக்கிரம் வரட்டும், அப்புறம் ஸ்டேஷனில் புகாரை ஒழுங்காகப் பதியவும் வேண்டும். சரி, வடை சாயங்காலம் போனால்தான் சூடாகக் கிடைக்கும், சில்லறை எடுத்துட்டுப் போங்க.