போனஸா, கடனா, லாபமா: நெருக்கடிக்குப் பிறகு வங்கியிடம் எதற்கு வரி கேட்பது?

2010 ஜூன் 22 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் ஓர் அவசர பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். வாட் வரி 17.5 சதவீதத்திலிருந்து 20 ஆகும், வங்கிகள் மீது ஒரு புதிய தீர்வை வரும் என்று அதில் அறிவித்தார். இரண்டும் 2011 ஜனவரி முதல் வாரத்தில் நடைமுறைக்கு வந்தன. வாட் உயர்வால் ஆண்டுக்குச் சுமார் 1,300 கோடி பவுண்டும், வங்கித் தீர்வையால் 200 கோடிக்குச் சற்று மேலும் கிடைக்கும் என்று அரசு கணக்குப் போட்டது. சலவை இயந்திரமும் சட்டையும் வாங்குகிறவர்கள் சேர்ந்து வங்கிகளைப் போல ஆறு மடங்கு கட்ட வேண்டும் என்று பொருள். போதாததற்கு அதே பட்ஜெட், நிறுவனங்களின் லாபத்தின்மேல் விதிக்கும் நிறுவன வரியை 28 சதவீதத்திலிருந்து படிப்படியாக 24க்குக் குறைத்தது. வங்கிகளுக்கும் அந்தக் குறைப்பு கிடைத்தது.

2008 நிதி நெருக்கடியில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து என்ற ஒரே வங்கியைக் காப்பாற்ற மக்கள் பணம் 4,550 கோடி பவுண்டு போனது. வங்கிகள் கூடுதலாகக் கட்டத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எதன்மேல் வரி போடுகிறோம் என்பதில்தான் பாதி நியாயம் இருக்கிறது. பிரிட்டன் ஆறே ஆண்டுகளில் மூன்று வகை வரிகளைப் போட்டுப் பார்த்த நாடு என்பதால், ஒப்பிடுவதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதலில் வந்தது போனஸ் வரி. ஆஸ்போர்னுக்கு முன் நிதியமைச்சராக இருந்த அலிஸ்டர் டார்லிங் 2009 டிசம்பரில் கொண்டுவந்தார். ஓர் ஊழியருக்கு 25,000 பவுண்டுக்கு மேல் போனஸ் கொடுத்தால், மேற்படும் தொகையில் 50 சதவீதத்தை வங்கி வரியாகக் கட்ட வேண்டும். 2010 ஏப்ரல் 5 வரை மட்டும்தான். வரிக்குப் பயந்து வங்கிகள் போனஸைக் குறைத்துவிடும், எனவே 55 கோடி பவுண்டுதான் தேறும் என்று கருவூலம் நினைத்தது. வங்கிகளோ போனஸையும் கொடுத்தன, வரியையும் கட்டின. ஏறத்தாழ 350 கோடி வந்தது. கருவூலத்துக்கு நல்ல வரவு. ஆனால் வங்கிகளின் நடத்தையைத் திருத்த வந்த வரி என்று பார்த்தால் இது தோல்விதான். நிரந்தரமாக வைத்திருந்தால் சம்பளமாகவும் பங்காகவும் பெயர் மாற்றித் தப்பித்திருப்பார்கள். ஒருமுறை போட்டதோடு விட்டது சரியே.

அடுத்ததுதான் 2011 தீர்வை. வங்கியின் லாபத்தை இது பார்ப்பதில்லை. சொத்தும் கடனும் காட்டும் பேலன்ஸ் ஷீட்டில் வங்கி பிறரிடம் வாங்கியிருக்கும் கடனைப் பார்க்கிறது. பங்குதாரர்களின் மூலதனத்துக்கு வரி கிடையாது. காப்பீடு உள்ள டெபாசிட்டுக்கும் கிடையாது. முதல் 2,000 கோடி பவுண்டுக்கு விலக்கு. ஓராண்டுக்கு மேற்பட்ட கடனுக்குப் பாதி விகிதம். குறுகிய காலக் கடனுக்குத்தான் முழு அடி.

அந்த வடிவத்தின் அருமை புரிய, 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசல்களில் பணத்தைத் திரும்ப எடுக்க மக்கள் நின்ற வரிசையை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வங்கி திரட்டிய பணத்தில் சாதாரண மக்களின் டெபாசிட் கால் பங்கைக்கூட எட்டவில்லை. மிச்சமெல்லாம் பணச் சந்தையில் வாங்கியது. 25 ஆண்டு வீட்டுக் கடனைக் கொடுத்துவிட்டு, அதற்கான பணத்தை அடிக்கடி புரட்டிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் சந்தை உறைந்ததும் புரட்ட வழியில்லை. நெருக்கடியின் வேர் இதுதான், தீர்வை கை வைப்பதும் இதே இடத்தில்தான். 2010 ஜனவரியில் ஒபாமா அமெரிக்கப் பெரும் வங்கிகளின் கடன்மீது 0.15 சதவீதக் கட்டணம் கேட்டதும் ஏறக்குறைய இதே யோசனை. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை.

ஆனால் நல்ல வரியையும் கெடுக்க முடியும். ஆண்டுக்கு 250 கோடி பவுண்டு வந்தே தீர வேண்டும் என்று அரசு இலக்கு வைத்துக்கொண்டது. வங்கிகள் கடனைக் குறைத்தபோது வரவு குறைந்தது. வரி வேலை செய்கிறது என்று மகிழ வேண்டிய நேரத்தில் கருவூலம் விகிதத்தை ஏற்றியது. 2011இல் 0.075 சதவீதத்தில் நிலைபெற்றது 2015 ஏப்ரலில் 0.21 ஆனது. திருந்தியவனுக்கும் திருந்தாதவனுக்கும் ஒரே சுமை. அதோடு, உலகம் முழுவதும் உள்ள கிளைகளின் கடனும் கணக்கில் சேர்ந்தது. எச்எஸ்பிசியும் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டும் 2008இல் பிரிட்டன் அரசிடம் மூலதனம் வாங்காத வங்கிகள். அவற்றின் தொழிலில் பெரும்பகுதி ஆசியாவில் இருக்கிறது. அதற்கும் லண்டனில் தீர்வை கேட்டதில் அவர்கள் முறையிட்டது நியாயம்தான். தலைமையகத்தையே மாற்றலாமா என்று யோசிப்பதாக எச்எஸ்பிசி 2015 ஏப்ரலில் அறிவித்தது.

சில மாதங்களில் ஆஸ்போர்ன் இறங்கிவந்தார். தீர்வையைப் படிப்படியாகக் குறைத்து, 2016 ஜனவரி முதல் 2.5 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட வங்கி லாபத்தின்மேல் 8 சதவீதக் கூடுதல் வரி போட்டார். மூன்றாவது வகை இது. பார்க்க எளிமையாகவும் நியாயமாகவும் தெரியும்: லாபம் வந்தால் கட்டு, நட்டம் என்றால் வேண்டாம். நெருக்கடிக் காலப் பழைய நட்டத்தைக் காட்டி இந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது என்ற நல்ல நிபந்தனையும் உண்டு. நட்டத்தில் தள்ளாடும் வங்கியிடமும் தீர்வை பணம் கேட்கும், இது கேட்காது. அந்த நன்மையையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் இந்த மாற்றத்தை நான் எதிர்க்கிறேன். கடனுக்குக் கட்டும் வட்டியைச் செலவாகக் கழித்துவிட்டுத்தான் லாபத்தைக் கணக்கிடுகிறார்கள். பங்குதாரருக்குக் கொடுக்கும் ஈவுத்தொகையை அப்படிக் கழிக்க முடியாது. அப்போது நிறுவன வரி 20 சதவீதம். அதோடு 8 சேர்ந்தால், வங்கி கட்டும் ஒவ்வொரு 100 பவுண்டு வட்டிக்கும் 28 பவுண்டு வரி மிச்சம். கடனைக் குறைக்கச் சொல்லிப் போட்ட வரியைத் தளர்த்தி, கடனுக்குச் சலுகை தரும் வரியை உயர்த்தினார்கள். நல்ல காலத்து வங்கி லாபத்தை நம்பவும் முடியாது: 2007க்கு லாபம் காட்டிய ராயல் பேங்க், அடுத்த ஆண்டே 2,410 கோடி பவுண்டு நட்டம் சொன்னது. சுமையும் இடம் மாறியது. தீர்வையின் 2,000 கோடி வரம்புக்குள் இருந்த சிறு வங்கிகளும், உறுப்பினர்களின் சேமிப்பை நம்பி நடக்கும் கட்டடச் சங்கங்களும் புதிதாக வரிக்குள் வந்தன. 2023இல் வரம்பை 10 கோடியாக உயர்த்தி, விகிதத்தை 3 சதவீதமாக்கினார்கள். சிறியவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் தீர்வையும் அதற்குள் 0.10க்கு இறங்கிவிட்டது.

பங்கு, பத்திர வியாபாரத்தின்மேல் பரிவர்த்தனை வரி போடலாம் என்பவர்களும் உண்டு. 1984இல் போட்ட சுவீடன், வியாபாரம் லண்டனுக்கு ஓடியதைப் பார்த்து 1991க்குள் கைவிட்டது. பிரிட்டனின் 0.5 சதவீத முத்திரை வரி நிலைத்திருக்கிறது; பங்கு எங்கே கைமாறினாலும் பிரிட்டிஷ் நிறுவனத்துடையது என்றால் வரி உண்டு. வருமானத்துக்கு நல்ல வழிதான். ஆனால் நார்தர்ன் ராக் பங்கு வியாபாரத்தால் கவிழவில்லை.

எல்லா வகைக்கும் ஒரே ஆட்சேபம் வரும்: வங்கி இதை வாடிக்கையாளர் தலையில்தான் கட்டும் என்று. ஒரு பகுதி கட்டும், உண்மை. ஆனால் பெரிய வங்கிக்கு மட்டும் தீர்வை இருந்து பக்கத்துச் சிறு வங்கிக்கு இல்லை என்றால், பெரியது வட்டியை ஏற்றினால் ஆள் போய்விடும். 2,000 கோடி விலக்கின் பயன் அதில்தான் இருக்கிறது.

எனவே என் வாக்கு தீர்வைக்கு. விகிதத்தை வருமான இலக்குக்காக ஆட்டாமல், குறுகிய காலக் கடனின் ஆபத்தைப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும். உள்நாட்டுக் கணக்குக்கு மட்டும் என்று 2021இல் செய்த திருத்தம் இருக்கட்டும். வசூல் பொதுக் கருவூலத்தில் கரைவதை மட்டும் நிறுத்த வேண்டும். யூரோ நாடுகள் 2016 முதல் 2023 வரை வங்கிகளிடமே வசூலித்து, கவிழும் வங்கிகளைக் கையாளவென்றே சுமார் 7,800 கோடி யூரோவைத் தனி நிதியாகச் சேர்த்திருக்கின்றன. நிதி இருக்கிறது என்ற தைரியத்தில் வங்கிகள் இன்னும் துணிந்து ஆடாதா என்று கேட்பார்கள். அதற்கும் அங்கே பூட்டு இருக்கிறது: வங்கியின் மொத்தப் பொறுப்பில், அதாவது மூலதனமும் கடனும் சேர்ந்த தொகையில், குறைந்தது 8 சதவீத அளவு நட்டத்தைப் பங்குதாரர்களும் கடன் கொடுத்தவர்களும் முதலில் சுமக்க வேண்டும், அதன் பிறகுதான் அந்த நிதியைக் கொண்டு நட்டத்தை ஈடுகட்ட முடியும்.