அன்லிமிடெட் என்று நம்பி 4,250 ரூபாய் கொடுத்தேன், நீங்களாவது உஷாராக இருங்கள்

முந்தாநாள் 20ஆம் தேதி. ஜிஎஸ்டி வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தத் தேதியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மாதா மாதம் 3பி ரிட்டர்ன் (ஜிஎஸ்டி வரிக் கணக்கு) போடுகிறவர்கள் அன்றிரவு 12 மணிக்குள் போட்டாக வேண்டும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். இரவு 11.20க்கு என்னிடம் மூன்று வாடிக்கையாளர்களின் ரிட்டர்ன் பாக்கி. மேஜையில் சிம் போட்டு இன்டர்நெட் தருகிற புது வைஃபை டப்பா, பச்சை விளக்கோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. திரையில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒன்பது நாள் முன்னால் வாங்கிய டப்பா அது. எங்கள் தெருவில் என் போனுக்கு ஒரு கோடுதான் சிக்னல். அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள ஒரு மொபைல் கடைக்குப் போனேன். பெயர் போட்டால் வம்பு, வேண்டாம். கவுண்டரில் இருந்த தம்பி அவ்வளவு தன்மையாகப் பேசினான். "அக்கா, இது அன்லிமிடெட் 5ஜி. டிவி, லேப்டாப் எல்லாம் போடுங்க, தீரவே தீராது" என்றான். நான் தயங்கியதைப் பார்த்து, தன் போனை எடுத்து அங்கேயே ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டினான். முள் 310க்குப் போய் நின்றது. அங்கேதான் விழுந்தேன். ஓடியது அவன் போனில் என்பது அப்போது மண்டையில் ஏறவே இல்லை.

டப்பாவுக்கு 2,600, சிம்மோடு 84 நாள் திட்டத்துக்கு 1,150, 'செட்டிங்' பண்ண 500. மொத்தம் 4,250 ரூபாய். அந்த 500 எதற்கென்றால், வைஃபை பாஸ்வேர்டை மாற்றித் தந்ததற்கு.

சரி, 20ஆம் தேதிக்கு வருகிறேன். தீராது என்றானே என்று டிவியையும் அதிலேயே இணைத்திருந்தேன். சாயங்காலம் பையன் கிரிக்கெட் பார்த்தான். ஒன்பது மணிக்கு மேல் எதுவுமே நகரவில்லை. அந்த வாடிக்கையாளர்களில் ஒரு தறிக்காரரைத் தூக்கத்தில் எழுப்பி, ரிட்டர்ன் போட அவர் போனுக்கு வரும் ஓடிபியை வாங்குகிறேன், அதை அடித்து முடிப்பதற்குள் பக்கம் செத்துப்போகிறது. மறுபடி எழுப்புகிறேன். மூன்றாவது தடவை அவர் சம்சாரம்தான் போனை எடுத்தார். கூடுதல் டேட்டா போடலாம் என்று ஆப்பைத் தொட்டால் அதுவும் திறக்கவில்லை. 12 அடித்தது. 12.01க்கு டப்பா குதிரை மாதிரி ஓடுகிறது! மூன்று ரிட்டர்னும் பத்தே நிமிஷத்தில் போனது. ஆனால் தேதி 21.

விஷயம் என்னவென்று காலையில்தான் புரிந்தது. திட்டத்தில் 5ஜிக்குத்தான் வரம்பில்லை. 4ஜியில் தினம் 2 ஜிபி, அது தீர்ந்தால் நள்ளிரவு வரை 64 கேபிபிஎஸ். எனக்கு விற்றதோ 4ஜி மட்டும் பிடிக்கிற டப்பா! 64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும், ஒரு ஜிபிக்கு ஒன்றரை நாள். இதெல்லாம் திட்டத்தின் நோட்டீஸில் இருக்கிறது. நட்சத்திரக் குறி போட்டு, அடியில், கடுகு சைஸில். போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படித்தேன். டேட்டா பாதி தீர்ந்தது, 90 சதவீதம் தீர்ந்தது என்று எஸ்எம்எஸ்ஸும் ஒழுங்காக வந்திருக்கிறது, டப்பாவுக்குள் இருக்கிற சிம்முக்கு! யார் பார்ப்பது?

கடைக்குப் போனேன். அன்றைக்கு அக்கா, இன்றைக்கு மேடம். "பாக்ஸ் பிரிச்சாச்சே மேடம், ரிட்டர்ன் கிடையாது. கம்பெனி பாலிசி." ஓனர் மதுரையில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். சிம் கம்பெனியின் கஸ்டமர் கேரில் இருபது நிமிஷம் பாட்டுப் போட்டுவிட்டு, "உங்கள் திட்டத்தில் அன்லிமிடெட் ஆக்டிவாக உள்ளது, 5ஜி கருவியில் பயன்படுத்துங்கள்" என்றார்கள். டப்பா விற்றது கடைதானே, அவர்களிடம் கேளுங்கள் என்கிறார்கள். கடை கம்பெனியைக் கை காட்டுகிறது. நடுவில் என் 4,250 ரூபாய். இதுபோக மூன்று பேரின் தாமதக் கட்டணம் 150 ரூபாயும் என் தலையில்தான். வாடிக்கையாளரிடம் எந்த முகத்தோடு கேட்பேன்?

பெரிய வெட்கக்கேடு வேறொன்று. ஊருக்கெல்லாம் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள் என்று சொல்கிறவள் நான். எனக்கு அந்தத் தம்பி தந்தது ஒரு துண்டுச் சீட்டு. நம்பர் இல்லை, சீல் இல்லை. வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

இப்படி வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஒன்றும் ஓடவில்லை. கருவி 5ஜியா என்று பெட்டியின் மேல் படியுங்கள். டேட்டா தீர்ந்த பிறகு என்ன வேகம் என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஸ்பீடு டெஸ்ட்டை வாங்கப்போகிற கருவியில் போடச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள். கஸ்டமர் கேரில் புகார் எண் கேட்டு வாங்குங்கள், அது இருந்தால்தான் மேல்முறையீடு. நுகர்வோர் உதவி எண் 1915.

ஓனர் நாளைக்கு வந்துவிடுவாராம். பத்து மணிக்குக் கடை திறக்கும்போது டப்பாவோடு வாசலில் நிற்பேன். 500 ரூபாய் செட்டிங்குக்கும் சேர்த்துத்தான் கேட்கப்போகிறேன்.